பொதுக் கொள்கை படித்தால் எந்த நாற்காலி?

டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் யாராவது என் எண்ணைக் கொடுத்திருப்பார். பேசுவது பொறியியல் கடைசி ஆண்டுப் பிள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் அம்மாவாக இருக்கும். அண்மையில் பேசிய அம்மா கோவில்பட்டிக்காரர். "பப்ளிக் பாலிசி எம்.ஏ. படிச்சே தீருவேன்னு நிக்கிறா மேடம். ரெண்டு வருசம், வெளியூரு, பீஸும் ஜாஸ்தி. முடிச்சா கலெக்டர் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருமா?"

"கிடைக்காதும்மா" என்றேன். அங்கே உட்கார வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், அல்லது யு.பி.எஸ்.சி. எழுத வேண்டும். குரூப் 1 ஆனாலும் சரி, ஐ.ஏ.எஸ். ஆனாலும் சரி, ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும். பொதுக் கொள்கையில் முதுநிலை முடித்தவருக்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதல் கிடையாது. அந்த அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்புறம் எதுக்குத்தான் அதைப் படிக்கிறாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, குடிநீர்த் திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சிகளில் சில காலம் அலைந்தேன். பைப் இருக்கும், டேங்க் இருக்கும், மோட்டார் இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. விசாரித்தால் கரண்ட் பில் நிலுவை என்பார்கள். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்று ஊராட்சிச் செயலருக்கும் யூனியன் ஆபீசுக்கும் இழுபறி நடந்துகொண்டிருக்கும். நான் படித்த படிப்பில் பைப்பின் விட்டத்துக்குச் சூத்திரம் இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை. அந்த எரிச்சலோடுதான் பொதுக் கொள்கை படிக்கப் போனேன். இப்போது சென்னையில் ஒரு சிறிய ஆய்வு அமைப்பில் உள்ளாட்சிகளின் வரவு செலவைத் துருவிப் பார்ப்பது என் பிழைப்பு.

படிப்பில் என்ன இருக்கிறது? பாடத்திட்டத்தைப் பார்த்தால் பொருளியல், புள்ளியியல், அரசு நிதி, சட்டம், நிர்வாகம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளிப் போட்டது போல இருக்கும். பாதி அது உண்மையும்கூட. இதைப் படித்து யாரும் பொருளியல் அறிஞர் ஆவதில்லை, வழக்கறிஞரும் ஆவதில்லை. இத்தனையையும் ஒரே பிரச்சினையின் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் கிடைக்கிறது. கூடவே, பார்த்ததை ஐந்து நிமிடம் மட்டுமே நேரமுள்ள ஓர் அமைச்சருக்கோ செயலருக்கோ இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் பயிற்சியும் கிடைக்கிறது.

எப்போதாவது கல்லூரிகளில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டால், நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதற்குச் சில கோடுகள் போட்டிருந்தார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர், அதற்கு மேல் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சொந்தக் கார் இருந்தால் கிடையாது.

மாணவர்களிடம் அந்த மின்சாரக் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏன் மின்சாரம்? வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம், சான்றிதழும் வாங்கிவிடலாம். மீட்டரில் ஓடிய யூனிட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு ஏற்கெனவே மின்வாரியத்திடம் இருக்கிறது, புதிதாக யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். இப்போது அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில், மூன்று அடுப்பு வைத்து, ஒரே மீட்டரில் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 300 யூனிட் எந்த மூலைக்கு? மூன்று மருமகள்களும் வெளியே. பக்கத்துத் தெருவில் ஒருவர் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மீட்டர் வைத்து, இரண்டிலும் ஏ.சி. ஓட்டிக்கொண்டு கோட்டுக்குள் நிற்பார். தகுதியுள்ளவர் விடுபட்டுப் போவது ஒரு பிழை, தகுதியில்லாதவர் புகுந்துவிடுவது இன்னொரு பிழை. கோட்டை இறுக்கினால் இரண்டாவது குறையும், முதலாவது கூடும். தளர்த்தினால் நேரெதிர்.

விடுபட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்தார்கள். சரி, ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகத்தால் எத்தனை மனுக்களைப் பார்க்க முடியும்? அங்கே போய்வர ஒரு நாள் கூலியை விடப்போகும் பெண் யார், விட முடியாமல் பேசாமல் இருந்துவிடும் பெண் யார்? அந்த இரண்டாவது பெண் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார் என்பதுதான் சங்கடம். இந்த இடத்துக்கு வந்ததும் வகுப்பில் சத்தம் அதிகமாகும். யாராவது ஒருவர் எழுந்து, கோடே வேண்டாம், எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பார். அப்படிச் செய்த வரலாறும் நம்மிடம் இருக்கிறது. 1997இல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அதை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அதற்குச் செலவு கூடுதல். விடுபட்டுப் போகிறவர்கள் குறைவு. எந்தப் பிழையைத் தாங்கிக்கொள்வது என்பதை முடிவுசெய்ய மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிழைக்கும் என்ன விலை என்று கணக்குப் போட்டு அவர் முன்னால் வைப்பது வரைதான் இந்தப் படிப்பின் எல்லை.

கணக்கின் அடுத்த பகுதி, ஒரு திட்டம் வேலை செய்ததா என்று அளப்பது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பணியாளருக்குப் பதிவேடு எழுதுவதிலும் எடை பார்ப்பதிலும் சத்துமாவுக் கணக்கிலுமே பொழுது போய்விடும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது, பிள்ளைகளின் மொழியும் கணக்கும் மேம்பட்டன. பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலைக்கு நேரம் மிஞ்சியதால் ஊட்டச்சத்துக் குறைபாடும் தணிந்தது. ஆகும் செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்கிட்டார்கள். பெரிய கட்டடம் இல்லை, டேப்லெட் இல்லை, அரை நாளுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு, "நானும் இப்படி ஆய்வு பண்ணப்போறேன்" என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி ஆய்வுகளில் முதல் பெயராக நிற்பவர்கள் பொருளியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பொதுக் கொள்கை முதுநிலை முடித்தவர்கள் பெரும்பாலும் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள், வந்த தரவைச் சுத்தம் செய்கிறார்கள், துறை அதிகாரிகளிடம் அனுமதிக் கடிதத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். மட்டமான வேலை என்று சொல்லவில்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் விளம்பரச் சிற்றேட்டில் இருக்கும் படம் வேறு.

இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், நம்மூரில் இது ஏன் இப்படித் தத்தளிக்கிறது என்பதும் புரியும். 1961இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் மெக்னமாரா அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைச்சரானார். எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு செலவு, அதனால் என்ன பயன் என்று ஒப்பிட்டுப் பட்ஜெட் போடும் முறையைக் கொண்டுவந்தார். 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதையே மற்ற துறைகளுக்கும் விரித்தார். திடீரென்று ஒவ்வொரு துறைக்கும் இப்படிக் கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆள் இல்லை. அந்தப் பசிக்குத்தான் பல்கலைக்கழகங்கள் சமைத்தன. பெர்க்லியில் 1969இல், ராண்ட் நிறுவனத்தில் 1970இல், டியூக்கில் 1971இல் என்று வரிசையாகப் பள்ளிகள் முளைத்தன. மற்ற துறைகளுக்கு விரித்த அந்தப் பட்ஜெட் முறையையே 1971இல் நிக்சன் அரசு கைவிட்டது தனிக்கதை. வியட்நாமில் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்த மெக்னமாராவின் புத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இன்னும் பெரிய கதை. எண்ணைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மாணவர்களுக்கு அதை நான் விடாமல் சொல்வேன்.

முறை போனாலும் நாற்காலிகள் நின்றுவிட்டன. அமெரிக்க மத்திய அரசுப் பணியில் முதுநிலைப் பட்டம் இருந்தால் சம்பள அட்டவணையின் 9ஆம் படியில் நுழையலாம், வெறும் இளநிலை என்றால் அதற்குக் கீழேதான். முதுநிலை முடித்தவர்களை நேரடியாக எடுத்துக்கொள்ள 1977 முதல் தனித் திட்டமே இருந்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் ஓர் ஆணையில் அதை மூடிவிட்டார். மத்திய அரசில் ஆட்குறைப்பும் சேர்ந்துகொள்ள, இந்தப் பட்டத்தின் பிறந்த வீட்டிலேயே இப்போது அடுப்பு சரியாக எரியவில்லை.

இங்கே கதை தலைகீழ். படிப்பு வந்துவிட்டது, நாற்காலி வரவில்லை. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 2014இல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பம்பாய் ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி., ஹைதராபாதில் டாடா சமூக அறிவியல் நிறுவனம், அங்கேயே கீதம் பல்கலைக்கழகத்தின் கௌடில்யா பள்ளி, சோனிபட்டில் ஜிண்டால் என்று இன்று பட்டியல் நீளம். இவற்றில் எதை முடித்து வந்தாலும், இந்தப் பட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அரசில் ஓர் இடமும் இல்லை. வெளியாட்களை நேரடியாக எடுக்கும் முயற்சி 2018இல் பத்து இணைச் செயலர் பதவிகளுக்கான அறிவிப்போடு தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்து, இட ஒதுக்கீடு எங்கே என்று எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. எதிர்ப்பு நியாயமானது என்பதுதான் என் கருத்து. பெரிய கட்டணம் கட்டிப் படித்தவர்கள் மட்டும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து உட்கார்ந்துகொள்வதை நானே ஒப்பமாட்டேன்.

இந்தப் பட்டம் உண்மையில் யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவர்களுக்கு. பெங்களூர் ஐ.ஐ.எம். 2002இல் தொடங்கிய பொதுக் கொள்கைப் படிப்பு முதலில் அரசு அதிகாரிகளை மனத்தில் வைத்துத் தொடங்கியதுதான். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு விடுப்பெடுத்து ஹார்வர்டுக்கோ சிங்கப்பூருக்கோ போய்ப் படித்து வருகிறார்கள். சிங்கப்பூர் ஜனாதிபதி தர்மன் சண்முகரத்தினமும் அங்கே பிரதமர்களாக இருந்த, இருக்கும் லீ சியன் லூங்கும் லாரன்ஸ் வோங்கும் ஹார்வர்டு கென்னடி பள்ளியில் நிர்வாக முதுநிலை படித்தவர்கள். அவர்கள் வந்த வழியைப் பார்த்தால், அரசுப் பணியோ ராணுவமோ முதலில், கென்னடி பள்ளி பிறகு. "அங்க படிச்சவங்கதான் நாட்டையே ஆள்றாங்க" என்று சொல்லும் கவுன்சலிங் ஏஜெண்டுகள் இந்த வரிசையைச் சொல்வதில்லை.

சரி, இருபத்திரண்டு வயதில் நேரே போய்ப் படித்து வெளியே வருபவர் எங்கே போகிறார்? பெரும் பங்கு ஆலோசனை நிறுவனங்களுக்கு. கேபிஎம்ஜி, டெலாய்ட், பிடபிள்யூசி போன்றவை தலைமைச் செயலகங்களில், ஸ்மார்ட் சிட்டி அலுவலகங்களில், திட்ட மேலாண்மை அலகு என்று ஓர் அறையைப் பிடித்து ஆட்களை உட்கார வைத்திருக்கின்றன. சம்பளம் பரவாயில்லை. வேலை பெரும்பாலும் ஸ்லைடு. நாளை காலை பத்து மணிக்குச் செயலர் ஆய்வுக் கூட்டம் என்றால் இன்றிரவு பன்னிரண்டு மணிக்கு எக்செல்லில் மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பங்கு ஆய்வு அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் போகிறது. அங்கே நிதி வரும்வரை வேலை. டெல்லியில் 1973 முதல் இயங்கும் கொள்கை ஆய்வு மையத்தின் பெயர் தெரியாதவர் இந்தத் துறையில் இல்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் அதன் உரிமம் 2023இல் நிறுத்திவைக்கப்பட்டு 2024இல் ரத்தானபோது, அத்தனை பெரிய இடத்திலேயே பலர் வேலையை விட்டு வெளியேற வேண்டிவந்தது.

மூன்றாவது வாசல் ஃபெல்லோஷிப். இதில்தான் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. பி.ஆர்.எஸ். அமைப்பின் லாம்ப் ஃபெல்லோஷிப்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு 11 மாதம் வேலை பார்க்கலாம். கேள்வி நேரத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கலாம், மசோதாவுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுக்கலாம். அதற்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும், வயது 25க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குப் பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்கல்வியில் முதல் வகுப்போ, கலை அறிவியலில் முதுநிலையோ இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று வைத்தார்கள், தமிழும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போனவர்களுக்கு இரண்டு ஆண்டு ஊதியத்தோடு, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் வழியாகப் பொதுக் கொள்கைப் பாடமும் நடத்தினார்கள். எதற்கு நாம் கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறோமோ அதையே காசு கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. முதலில் அங்கே முட்டிப் பார்க்காமல் வங்கிக்கு ஓடுவானேன்?

வங்கி என்றதும் கணக்கையும் பார்த்துவிடலாம். பத்து லட்சம் கல்விக்கடன், பத்தரை சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால், படிக்கும் காலத்து வட்டியை விட்டுவிட்டாலும் மாதம் சுமார் 16,900 ரூபாய். கையில் 45,000 வாங்குகிறவர் சென்னையில் அறை வாடகையும் கட்டி இதையும் கட்டுவது எப்படி என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவும் ஒப்பந்த வேலையில், அடுத்த ஆண்டு நிதி வருமா என்று தெரியாமல். எம்.பி.ஏ.வுக்குக் கடன் வாங்குவதோடு இதை ஒப்பிடவே கூடாது, இந்தப் பக்கத்துச் சம்பள ஏணி குட்டை.

வெளிநாடு என்றால் கணக்கு இன்னும் கறார். அமெரிக்காவின் பேர்பெற்ற தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். அங்கே அரசு வேலை குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான், விதிவிலக்கு அபூர்வம். படித்து முடித்துத் தங்கி வேலை பார்க்கச் சாதாரணமாக ஓர் ஆண்டு கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பு என்றால் மேலும் இரண்டு ஆண்டு. உங்கள் பொதுக் கொள்கைப் படிப்பு எந்தப் பக்கம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபின் சிறிய ஆய்வு அமைப்பு எதுவும் ஒரு புதுமுகத்துக்காக அதைக் கட்டும் என்று நான் நினைக்கவில்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் பேச்சே வேறு. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு வளரும் நாட்டவர்களுக்காகப் பொதுக் கொள்கைக்கென்றே ஹெல்முட் ஷ்மிட் பெயரில் ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது. பிரிட்டனின் செவனிங் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். உலக வங்கியின் இளம் வல்லுநர் தேர்வு போன்றவற்றுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம், அங்கே குறி வைப்பவருக்கு இந்தப் படிப்பு வீண் அல்ல. ஆனால் அந்தத் தேர்வும் கூடவே வேலை அனுபவம் கேட்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் சொன்னார். "காமராஜர் எந்தப் பாலிசி ஸ்கூல்ல படிச்சாரு?" அவர் வாதம் நமக்குப் பழக்கமானதுதான். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைப் பரப்பியவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நிதி பற்றிப் பேசியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்று ஒரு செலவு-பலன் அறிக்கை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். பசியோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க அரசியல்வாதியின் கண்தான் வேண்டும்.

பெரியப்பாவிடம் நான் முழுக்க ஒத்துப்போகவும் இல்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தார்கள். ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அதன் மருந்து ஒதுக்கீடு. கொள்முதல் ஓரிடத்தில், ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் தரப் பரிசோதனை, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. மேடையில் கைதட்டல் வாங்கும் விஷயமே இல்லை இது. பல மாநிலங்கள் வந்து பார்த்து நகலெடுத்துப் போயின. டெண்டரை எப்படி எழுதினால் போலி நிறுவனம் உள்ளே வராது, கிடங்கில் எத்தனை மாத இருப்பு வைத்தால் மருந்து காலாவதி ஆகாது என்ற கேள்விகளுக்கு நல்ல மனசு மட்டும் போதாது, படிக்க வேண்டியிருக்கிறது. மகளிர் கட்டணமில்லாப் பேருந்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்துச் சொன்ன பிறகுதான், இலவசம் என்று ஏளனம் பேசியவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. கல்லூரியை முடித்த கையோடு போகாதீர்கள். யு.பி.எஸ்.சி.க்குக் காத்திருக்கும் இரண்டு ஆண்டை மரியாதையாகக் கழிக்க இதைப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பொதுப் பிரிவினருக்கு 32 வயது, 6 முறை என்ற வரம்பு ஓடிக்கொண்டே இருக்கும்போது, வாரம் ஒரு கட்டுரை கேட்கும் படிப்பில் போய் உட்கார்ந்தால் இரண்டும் கெடும். முதலில் ஏதாவது ஒரு துறையில் மூன்று நான்கு ஆண்டு கிடந்து உருளுங்கள். பள்ளிக்கூடமோ, ரேஷன் கிடங்கோ, பத்திரிகையோ, நுண்கடன் நிறுவனமோ, எதுவானாலும் சரி. அங்கே ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் அப்புறம் வாருங்கள். கேள்வியோடு வருபவர் வகுப்பில் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்ததும் அவருக்குத் திரும்பிப் போக ஒரு துறையும் இருக்கும்.

தமிழில் எழுதத் தெரிந்திருப்பது இன்னொரு மூலதனம், இதை யாரும் சொல்வதில்லை. இங்கே ஊராட்சித் தீர்மானம் தமிழில், தாலுகா கோப்பு தமிழில், அரசாணைகளில் பலவும் தமிழில். ஆங்கிலத்தில் அற்புதமாக ஸ்லைடு போடும் பிள்ளை, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் விழிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர் அங்கே ஜெயிப்பார்.

பணம் கட்டும் முன் இரண்டு காரியம் செய்யலாம். சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். அரசின் இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்குப் பிடித்த துறையின் குறிப்பை இறக்கி, கடைசிப் பக்கம்வரை படியுங்கள். போன ஆண்டு சொன்ன எண்ணும் இந்த ஆண்டு சொல்லும் எண்ணும் ஏன் மாறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும். பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வந்தால் கட்டணம் மிச்சம். இரண்டாவது, சேர நினைக்கும் இடத்தில் போன ஆண்டு முடித்த நான்கைந்து பேரைப் பிடித்துப் பேசுங்கள். சராசரிச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், எந்த அமைப்பு, நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்.

கோவில்பட்டிப் பெண் இப்போதைக்கு ஃபெல்லோஷிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பிறகு தருமபுரிப் பக்கத்திலிருந்து அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர் பேசினார், வேலைக்கு வந்து ஆறேழு ஆண்டு ஆன பெண். பாஸ்புக்கில் ஒதுக்கீடு இருந்தும் சில மருந்துகளை ஏன் வெளியே வாங்க வேண்டிவருகிறது என்று தானே ஒரு நோட்டில் மாதவாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அவரிடம் மட்டும், "போங்கம்மா, தாராளமா போங்க" என்றேன். பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது, சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார். விருப்பப் பாடமாக எதை எடுக்கட்டும் என்று கேட்டார். அரசுக் கொள்முதல் பற்றிய தாள் இருந்தால் அதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த நோட்டையும் மறக்காமல் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.